யோகநாதன் அண்ணையின் சிவப்புப் புள்ளி

"தங்கச்சி, இதை வித்து விடுங்கோ. எனக்கு இனிக் கண் சரிவராது."

யோகநாதன் அண்ணை பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டு இப்படிச் சொன்னார். மூன்று கிழமைக்கு முன்புதான் அந்தப் பெட்டியிலிருந்த எயார் பிஸ்டலுக்கு ரெட் டொட் என்கிற குறிபார்க்கும் கண்ணாடி பூட்டிக் கொடுத்திருந்தோம். பூட்டியது நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. கடையும் ரவியும்

இல்ஃபோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு எயார்கன் கடையில் பதினேழு வருடம் வேலை செய்தேன். "லண்டனில பிஸ்டல் கடையோ?" என்று இன்றைக்கும் கண்ணை விரிப்பவர்கள் இருக்கிறார்கள். பயப்பட வேண்டாம். உண்மையான கைத்துப்பாக்கி இந்த நாட்டில் சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. நாங்கள் விற்றவை காற்றால் ஈயக் குண்டைத் தள்ளும் பிஸ்டல்கள். கிளப்புகளில் காகித அட்டையைச் சுடுவதற்கானவை. ஊரில் துவக்கைக் கண்டாலே பின்வளவால் ஓடிய நான், பில் போடும் வேலைக்கு அங்கே சேர்ந்து, கடைசியில் ஸ்பிரிங் கழற்றி மாட்டும் அளவுக்கு வந்தேன்.

அதற்குக் காரணம் வேர்க்ஷொப்பில் இருந்த ரவி. மலேசியாவில் ஈப்போக்காரர். இங்கே இன்ஜினியரிங் படிக்க வந்து அப்படியே தங்கிவிட்டவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவருடைய கை போல ஒரு கையை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒரு ஸ்குரூவைத் திருப்பும்போதே அது எத்தனை பேரிடம் அடிபட்டு வந்தது என்று சொல்லிவிடுவார். வாயும் சும்மா இருக்காது; மலேசியப் பேச்சின் 'லா' அடிக்கடி வந்து விழும்.

வயது போனவர்கள்தான் ரெட் டொட் கேட்டு அதிகம் வருவார்கள். பழைய முறையில் குறிபார்க்கும்போது பின் சைட், முன் சைட், அட்டை என்று மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஐம்பது தாண்டினால் மூன்றில் ஒன்று மங்கும். ரெட் டொட் என்பது ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல். அதற்குள் சிவப்புப் புள்ளி தெரியும். அட்டையைப் பார்த்துப் புள்ளியை அதன்மேல் வைத்தால் போதும்.

அதைப் பூட்ட இரண்டு வழி உண்டு. பிஸ்டலின் உடம்பில் துளை போட்டு ஸ்குரூ இறுக்கலாம். அல்லது மேலே ரெயில் என்னும் நீளப் பள்ளம் இருந்தால் அதில் கவ்வ விடலாம். துளை விழுந்த பழைய பிஸ்டலைச் சேகரிப்பாளர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள். ரவி சொல்வார்: "அக்கா, ஓட்டை போட ரெண்டு நிமிஷம் போதும். மூடறதுக்கு இன்னும் மெஷின் வரல லா."

2. ரீசேல்

ரீசேல், அதாவது திரும்ப விற்கும்போது கிடைக்கும் விலை, எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையே இல்லை. கார் வாங்கினால் எந்த நிறம் விலைபோகும் என்று பார்ப்போம். வீடு வாங்கும்போதே அதை வாங்கப்போகிறவனை யோசிப்போம். ரீசேல் பார்க்காமல் நாங்கள் செய்த ஒரே காரியம் கலியாணம்தான்.

யோகநாதன் அண்ணை இதில் எல்லோருக்கும் மேல். பிளேஸ்டோவில் இருந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி தவறிய பிறகு அவர் வெளியே போன ஒரே இடம் வியாழக்கிழமை கிளப். "வியாழன் இல்லாட்டி எனக்குக் கிழமையே இல்லைத் தங்கச்சி" என்பார். அவருடைய பிஸ்டல் பழைய ஜெர்மன் தயாரிப்பு. பெட்டி, கையேடு, தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த அட்டை எல்லாம் பத்திரமாக இருந்தன. சைட் மங்குகிறது என்று வந்தார்.

"துளை மட்டும் போட்டிடாதேங்கோ. கழட்டிறதெல்லாம் எனக்கு வேணும்."

அப்போது ரவி லீவில் ஈப்போ போயிருந்தார். நானே செய்தேன். ரெயிலில் கவ்வவிட்டேன். பழைய பின் சைட்டையும் ஸ்குரூக்களையும் ஒரு சின்னப் பையில் போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்தேன். கடையில் சுடும் இடம் இல்லை. கிளப்பில் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டேன். வேலை எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

3. கலைந்த புள்ளி

அந்த மனிதர்தான் இப்போது விற்க வந்து நின்றார்.

"புள்ளியே தெரியேல்லை. வேர்த்த நெத்தியில குங்குமம் மாதிரிக் கலைஞ்சு கிடக்கு. அட்டையும் புகைச்சல். மூண்டு வியாழன் பாத்திட்டன். போன கிழமை பக்கத்து ஆளின்ர அட்டையில சுட்டுப்போட்டன், வெக்கமாப் போச்சு."

"கண் டெஸ்ட் செய்தனீங்களோ அண்ணை?"

"ஓம். ஒண்டுமில்லை எண்டவை."

அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். நிற்கவில்லை. கண்ணின் வளைவில் பிசகு இருந்தால் புள்ளி கலைந்து தெரியும் என்று படித்திருந்தேன். படித்ததை அப்படியே ஒப்புவித்தேன்.

"அண்ணை, எழுபத்திரண்டு வயது. சிலருக்கு ரெட் டொட்டும் உதவாது."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை.

பிஸ்டலை வாங்கி வைத்தேன். கென்ட்டில் ஒரு சேகரிப்பாளருக்குப் போன் செய்தேன். துளை இல்லை, பெட்டி உண்டு என்றதும் சனிக்கிழமையே வருகிறேன் என்றார்.

4. சனிக்கிழமை

சனி காலை ரவி லீவு முடிந்து வந்திருந்தார். யோகநாதன் அண்ணையும் கையெழுத்து வைக்க வந்து ஒரு மூலையில் இருந்தார். ரவி பெட்டியைத் திறந்து, குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, "யாரு இத விக்கறது?" என்று கேட்டார். நான் கதையைச் சொன்னேன்.

"அங்கிள், ஒரு நிமிஷம் இருங்க லா."

பிஸ்டலை ரப்பர் வைத்து வைஸ் இடுக்கியில் பிடித்தார். புள்ளியை எரியவிட்டார். தன் போனை எடுத்து அந்தக் கண்ணாடி ஜன்னலுக்குள்ளால் ஒரு படம் பிடித்தார். படத்தை என்னிடம் நீட்டினார். படத்திலும் புள்ளி கலைந்துதான் இருந்தது.

"போனுக்கும் எழுபத்திரண்டு வயசா, அக்கா?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

பிறகு லாம்புக்குக் கீழே பிஸ்டலைச் சரித்துப் பார்த்தார். கண்ணாடியின் மூலையில் நகத்தை வைத்தார். அங்கே மெல்லியதாக ஏதோ கிளம்பியது. புதுக் கண்ணாடியில் கீறல் விழாமலிருக்க ஒட்டி வருகிற மெல்லிய பிளாஸ்டிக் அது. பூட்டிய அன்று நான் உரிக்கப் போனேன். "உரியாதேங்கோ தங்கச்சி, விக்கேக்க புதுசாக் கிடக்கட்டும்" என்றார் அண்ணை. நல்ல யோசனை என்று நானும் அதன் மூலையை விரலால் அமத்தி ஒட்டிவிட்டேன்.

ரவி என்னை ஒருமுறை பார்த்தார். திட்டவில்லை. அண்ணையிடம் திரும்பி, "அங்கிள், இது எங்க வேலையில வந்த தப்பு. உங்க கண்ணுல இல்ல. வாங்க, நீங்களே உரிங்க" என்றார்.

அண்ணை உரித்தார். பிஸ்டலைக் கையில் எடுத்து, கடையின் மறு கோடியில் தொங்கிய அட்டையை நோக்கிப் பிடித்தார். வெகுநேரம் இறக்கவே இல்லை.

"தங்கச்சி," என்றார். "எனக்குக் கண் கிடக்கு."

நான் அழுதுவிட்டேன். "பிழை என்னிலதான் அண்ணை" என்றேன். "நான்தானே உரிக்க வேண்டாம் எண்டனான்" என்று அவர் என்னைத் தேற்றினார். பன்னிரண்டு மணிக்குக் கென்ட்காரர் வந்தார். அவருக்கு விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டது ரவிதான். அண்ணை பிஸ்டலைப் பெட்டியில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது: துளை போடாதீர்கள், கழற்றியதை எறியாதீர்கள், பெட்டியைக் கவனியுங்கள். ரீசேலுக்கு அது போதும். ஆனால் பூட்டும்போது சுடப்போகிறவரை நினையுங்கள், வாங்கப்போகிறவரை அல்ல. ஒருவரிடம் உன் கண் போய்விட்டது என்று சொல்வதற்கு முன் உங்கள் கைவேலையைப் பாருங்கள். ரவி அதைத்தான் செய்தார், அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் அந்த நிமிடத்தைச் செலவழிக்காததால், ஒரு மனிதர் தன் கண் போய்விட்டது என்று நம்பிப் பிளேஸ்டோவில் தனியே இருந்தார்.