கஞ்சிக்கு வந்த கீரைத் தண்ணீர்

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவின் காஜா பெராங்கில் மரவள்ளிக்கிழங்காவது கிடைத்தது. உப்பு கிடைக்கவில்லை. மலேரியாக் காய்ச்சலில் அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். அம்மா கிழங்கைக் கரைத்துக் கஞ்சி கொடுத்தால், ஒரு வாய்க்கே அவருக்குக் குமட்டிவிடும்.

"நாலு வாயாவது முழுங்குங்க. வெறும் வயித்தோட எத்தன நாளைக்கு?"

"உப்பில்லாம இது கஞ்சியா? சுவத்துக்கு அடி, நல்லா ஒட்டும்."

மூன்றாம் நாள் அந்தப் பேச்சும் நின்றுவிட்டது. கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பெடுத்தவர்கள் உண்டுதான். அம்மாவால் அப்பாவைவிட்டு நகர முடியாது. எனக்கு ஒன்பது வயது.

பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டி அம்மாள் இருந்தார். எங்களைப் போலவே திருநீறு பூசுவார், ஆனால் பேச்செல்லாம் மலாய். எனக்குத் தமிழிலேயே ஆளைப் பார்த்துப் பேச வராது.

இரு வீட்டுக்கும் ஒரே கிணறு. நான் தண்ணீர் எடுக்கப் போனபோது அவர் அங்கே கீரை ஆய்ந்து, பக்கத்து அடுப்பில் வேகவைத்துக் கொண்டிருந்தார். கடற்கரை மணலில் படர்ந்து கிடக்குமே, சிவந்த தண்டும் தடித்த சின்ன இலையுமாக, அந்தக் கீரை. மலாயில் கெலாங் லாவுட் என்பார்கள். எங்கள் வீட்டில் சமைத்ததில்லை. கீழே விழுந்த ஓர் இலையை எடுத்துக் கடித்தேன். ஒரே உப்பு!

அதற்குள் அவர் கீரையின் உப்புக் குறைய வெந்த தண்ணீரை வடித்து, கொட்டுவதற்குச் சாக்கடைப் பக்கம் போனார். ஓடிப்போய் அவர் இடுப்புச் சாரோங்கைப் பிடித்தேன்.

"மாக்சிக், ஜாங்கான் புவாங்!" அத்தை, கொட்டாதீர்கள் என்றேன்.

"அபா?" என்ன என்றார்.

"பாப்பா சாகிட். காராம் தாடா." அப்பாவுக்கு முடியவில்லை, உப்பு இல்லை. எனக்குத் தெரிந்த மலாய் அவ்வளவுதான்.

பக்கத்திலேயே இருந்துகொண்டு இப்போதுதான் சொல்கிறாயா என்று மலாயில் என்னைத் திட்டித் தீர்த்தார். சட்டி சுடும் என்று என் கையில் கொடுக்காமல், அவரே எங்கள் வாசல்வரை தூக்கி வந்தார்.

அம்மா அதில் கொஞ்சம் கஞ்சியில் கலந்தாள். அப்பா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். குமட்டவில்லை.

"என்னடி, கடலையே கொண்டாந்துட்டியா?"

"உங்க மகதான் கேட்டு வாங்கியாந்தா."

"இவளா? இவளுக்கு வாய் இருக்கா?" சிரிக்கப்போய் இருமினார். "சரி, இன்னும் ஊத்து."

சாயங்காலத்துக்குள் அந்தத் தண்ணீர் தீர்ந்துவிட்டது. ஏனத்தை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன், கேட்கவேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்தபடி. அவர் என்னைப் பார்த்ததும், நான் வாயைத் திறக்குமுன், மூடிவைத்திருந்த சட்டியை எடுத்தார். கீரையை மறுபடி வேகவைத்த இரண்டாம் தண்ணீரையும் கொட்டாமல், உப்புக் கரிக்கும்வரை சுண்டக் காய்ச்சி வைத்திருந்தார். ஏனம் நிறைய ஊற்றிவிட்டு, சிந்தாமல் போ என்று கையைக் காட்டினார்.

"தெரிமா காசே" என்று அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி நன்றி சொன்னேன். நிமிர்ந்து சொல்லத் தைரியம் வரவில்லை.