மாப்பிள்ளை சொன்ன பர்ஸ்ட்

தெருவுல எல்லாருக்கும் அவரு 'வால்வு'. குழாய் வேலை செய்யுறவரு. கோவத்தைத் தொறந்தா மூட வராதுன்னு வெச்ச பேரு அது.

பேத்தி பொறந்து இன்னும் கையில வாங்கல. ஆஸ்பத்திரியில கண்ணாடி வழியா பாத்ததோட சரி. இன்னைக்கு வாங்கியே தீரணும்னு, நகத்துல ஒட்டியிருந்த பைப் பசையெல்லாம் சுரண்டிட்டு மக வீட்டுக்கு வந்திருந்தாரு.

உள் ரூம்ல மாப்பிள்ளை மககிட்ட கிசுகிசுக்குறது காதுல விழுந்துச்சு. "மாமா கையில குடுக்காத. அவரோட அவுட்பர்ஸ்ட் உனக்குத் தெரியாதா? குழந்தை பயந்துரும்."

அந்த இங்கிலீஷ் வார்த்தையில வால்வுக்கு 'பர்ஸ்ட்' மட்டுந்தான் புரிஞ்சுது. பர்ஸ்ட்னா பைப் வெடிக்கிறது. இந்த வீட்டுக்குப் பைப் போட்டதே அவருதான். சுர்ருன்னு ஏறிடுச்சு.

"எங்க வெடிச்சுது? காட்டுங்க மாப்பிள்ளை! நான் போட்ட லைன்ல ஒரு சொட்டு கசிஞ்சாலும் மீசைய எடுத்துடுறேன்!"

சிங்க்குக்கு அடியில தலையை விட்டுத் தேடுனாரு. பாத்ரூம் குழாயெல்லாம் தொறந்து தொறந்து மூடுனாரு.

மக ஓடி வந்தா. "அய்யோ அப்பா, பைப் இல்ல, நீங்கதான்!"

"நானா வெடிச்சேன்?"

"உள்ள இருக்கிறது அடக்க முடியாம திடீர்னு கொட்டுது பாருங்க, அதுதான் அவுட்பர்ஸ்ட். கோவம், அழுகை, சிரிப்பு, எது கொட்டுனாலும்."

"உங்கம்மா டீவி பாத்து ஓன்னு அழுவாளே, அது?"

"அதுவுந்தான்."

"அப்புறம் அவகிட்ட மட்டும் பிள்ளையை எப்படிக் குடுத்தீங்க?"

தோள்ல குழந்தையோட மாப்பிள்ளை வெளிய வந்தாரு. "மாமா, கொஞ்சம் மெதுவா..."

"என்ன மெதுவா? கோவக்காரன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல வாய் வலிக்குதா? திட்டுறதைக்கூட இங்கிலீஷ்ல ஒளிச்சு வெச்சுத் திட்டுவீங்களோ?"

"போதும், நிறுத்துங்க!"

மாப்பிள்ளை போட்ட சத்தத்துல ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. குழந்தை திடுக்குன்னு முழிச்சு வீல்னு கத்துச்சு.

மக புருஷனை மேலயும் கீழயும் பாத்தா. "இதுக்குப் பேரு என்னங்க?"

அவ பிள்ளையை வாங்கி அப்பா கையில வெச்சா. "சத்தம் வந்துச்சு, அடுத்த நிமிஷம் புடுங்கிருவேன்."

வால்வுக்குக் கோவம் அடங்கவும் இல்ல, பிள்ளையை விடவும் மனசில்ல. பிஞ்சுத் தலையைப் பதமா தாங்கிக்கிட்டு, வெறும் காத்து மட்டும் வர்ற குரல்ல மாப்பிள்ளையைத் திட்ட ஆரம்பிச்சாரு. குழந்தை அழுகையை விட்டுட்டு அந்த வாயையே பாத்துக்கிட்டிருந்துச்சு. இன்னும் திட்டிக்கிட்டுத்தான் இருக்காரு.