டிக்கியிலிருந்து வந்த கருகல் வாடை

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தை மாதம், பெங்களூர் பொம்மனஹள்ளியில் எனக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் பெண் அழைப்பு. பிள்ளையார் கோயிலிலிருந்து சத்திரம் வரை, கூரையில்லாத திறந்த காரில் என்னை ஊர்வலமாக அழைத்துப் போவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வேறு எதில் குறை வைத்தாலும் பெண் போகிற காரில் வைக்கமாட்டேன் என்று பிடிவாதமாக அதை வாடகைக்குப் பிடித்திருந்தார்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டியவள் நான். ஆனால் பயந்துகொண்டே இருந்தேன். காரணம், மாப்பிள்ளையின் அத்தை. நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. பெங்களூரில் கரண்ட் போவது என்ன அதிசயமா? ஆனால் அவர், சகுனம் சரியில்லையே என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் கல்யாணமே ஊசலாடி, பெரியவர்கள் நடையாய் நடந்து பேசித்தான் மறுபடி நிலைத்தது. இனி சின்னதாக ஏதாவது நடந்தாலும் அவ்வளவுதான் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பயம். அவர் தும்மினால்கூட எனக்குப் பயம்.

கார் வந்து நின்றதும் டிரைவர் அப்பாவிடம் பெருமையாக ஒரு விஷயம் சொன்னாராம். பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்தால் எஞ்சின் கொதித்து, பக்கத்தில் இருக்கும் பேட்டரியும் காய்ந்துவிடுகிறது. காரைச் சுற்றியிருக்கும் சீரியல் பல்புகளுக்கும் அது போதவில்லை. அதனால் லாரிக்குப் போடுவது போலப் பெரிய பேட்டரியாக வாங்கி, அதை டிக்கிக்கு மாற்றி, சீட்டுக்கு அடியில் தடியான ஒயர் இழுத்து முன்னால் கொண்டுபோயிருக்கிறார். பேட்டரிக்கு மூடி கிடையாது. பழைய ரப்பர் மேட் ஒன்றைப் போர்த்தியிருந்தார். டிக்கியில் மட்டும் எதையும் வைக்காதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். கல்யாண அமளியில் அப்பா அதை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வழக்கத்தில், அம்மா வீட்டுக் குத்துவிளக்கு பெண்ணோடு ஒரே வண்டியில்தான் போக வேண்டும். மற்ற சீர் சாமான்களோடு டெம்போவில் ஏற்றக் கூடாது. பெரியம்மா டிக்கியைத் திறந்து பார்த்திருக்கிறார். காலில் மிதிக்கிற மேட்டின் மேல் விளக்கை வைப்பதா என்று அதை உருவி எறிந்துவிட்டு, சீருக்கு வாங்கிய புது வேட்டியை விரித்து, அதன்மேல் விளக்கைப் பக்குவமாகப் படுக்க வைத்து மூடிவிட்டார். இதெல்லாம் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

எல்லோர் கண்ணிலும் படும்படி, பின் சீட்டில் சாய்மானத்துக்கு மேல் என்னை உட்கார வைத்தார்கள். கீழே சீட்டில், என் காலுக்கு இரண்டு பக்கமும், அந்த அத்தையின் மகள் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர். சின்னப் பெண்கள். அத்தையும் மற்றப் பெண்களும் தட்டேந்திக் காருக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். சத்திர வாசலில் ஆரத்தி எடுக்கும்வரை பெண்ணின் கால் தரையில் படக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து முன்பே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ரோட்டில் வேகத்தடைக்காகப் போட்டிருந்த ஒரு ஹம்ப்பில் ஏறி இறங்கியபோது லேசாகக் கருகல் வாடை வந்தது. முன்னால் சரவெடி வெடித்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் என்று நினைத்தேன். அடுத்த ஹம்ப்பிலும் வந்தது. வெடி வாடை இல்லை, துணி தீய்கிற வாடை. சீரியல் பல்புகள் மங்கி மறுபடி எரிந்தன. டிரைவரைக் கூப்பிடலாமா? பேண்டு சத்தத்தில் கத்தினால்தான் கேட்கும். பெண் அழைப்பில் பெண் கத்தினாள், வண்டி நின்றது என்று ஆகிவிட்டால்? திரும்பிப் பார்த்தேன். அத்தை என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார். சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன். இன்னும் கொஞ்ச தூரம்தானே, சாமி, சத்திரம் வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்போது சின்னவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, முதுகு சுடுது."

சீட்டுக்குப் பின்னாலிருந்து புகை நூலாக ஏறிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து கார்களில் பெட்ரோல் டேங்க்கும் பின்னால்தான் என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு சகுனமாவது ஒன்றாவது. "வண்டி எரியுது, புள்ளைங்கள புடிங்க" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இரண்டு பேரையும் தூக்கி வெளியே நீட்டினேன். யாரோ வாங்கிக்கொண்டார்கள். பட்டுப்புடவையும் மாலையுமாக நானும் கதவைத் தாண்டிக் குதித்தேன்.

டிரைவர் ஓடிவந்து டிக்கியைத் திறந்ததும் குபுக்கென்று புகை. வேட்டி நழுவி, பித்தளை விளக்கின் தண்டு பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் நடுவே பாலமாகக் கிடந்தது. பொறி பறந்தது. கையை வைக்க முடியவில்லை. டிரம் அடித்துக்கொண்டிருந்தவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் கையிலிருந்த கட்டையாலேயே விளக்கை நெம்பித் தள்ளினார். யாரோ குடத்தோடு ஓடிவர, "நீரு பேட, மண்ணு ஹாகி" என்று டிரைவர் அலறினார். தண்ணீர் வேண்டாம், மண் போடுங்கள் என்று அவர் கன்னடத்தில் சொன்னதும், பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டார்கள். டிரைவர் ஒயரைக் கழற்றினார். புகை அடங்கியது. டிரம்காரரின் புறங்கையில் கொப்புளம். அப்பா தன் துண்டைக் குடத்துத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் சுற்றிவிட்டார்.

பேண்டும் நின்றுவிட்டிருந்தது. மணலில் கரி படிந்து கிடந்தது பெண் வீட்டு விளக்கு. பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானோ தரையில் கால் பதித்து நிற்கிறேன். இதோடு கல்யாணம் நின்றுபோயிற்று என்றே நினைத்துக்கொண்டேன். எல்லோரும் அத்தையின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர் தட்டைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு, குழந்தைகள் இருவரின் முதுகையும் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்தார். "வெளக்கு தேய்ச்சா போயிடும். நடம்மா, போலாம்" என்றார். பேண்டு மறுபடி ஆரம்பித்தது.

அவர் என் கையை விடவே இல்லை. கொஞ்ச தூரம் போனதும், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"அந்த வாடை எனக்கும் வந்துச்சும்மா. நான் வாயத் தொறந்தா, இவ மறுபடியும் ஆரம்பிச்சுட்டான்னு சொல்வாங்களேன்னு பேசாம நடந்து வந்தேன்."

எனக்கு நடை நின்றுவிட்டது. நான் யாருக்குப் பயந்து தலையைக் குனிந்துகொண்டிருந்தேனோ, அவர் எங்களுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறார். அந்தச் சின்னவளுக்கு மட்டும் யாரிடமும் பயமில்லை, சுட்டது, சொன்னாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது, இத்தனை வருடங்களுக்குப் பிறகும் எனக்கு உடம்பு பதறுகிறது.