கீழே இறக்கிய தண்ணீர்

“இஞ்சாருங்கோ, நான் செத்தால் சாம்பலை ஊரிலை, கீரிமலைக் கடலிலைதான் கரைக்கவேணும். இந்தக் குளிருக்குள்ளை விட்டிடாதேங்கோ.”

“உயிரோடை போறதுக்கே லீவு கேக்க எனக்கு வாய் வரேல்லை. நீர் சாம்பலுக்குக் கேக்கிறீர்!”

என் மனைவி சுஜாந்தி சிரித்தாள். போன கார்த்திகையில் இறந்துபோனாள்.

இனிச் சொல்வது முழுவதும் எனக்கு நடந்தது. யாரையும் நம்பவைக்க இப்போது தெம்பில்லை.

இந்தக் குளிர் நாட்டில், எங்கள் சனம் நிறைந்த லா சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு வெப்ப நிலையத்தில் வேலை செய்கிறேன். இரண்டு ஆழ்கிணறுகள். ஒன்றால் சுடுநீர் மேலே வரும். அதன் சூட்டை எடுத்து வீடுகளுக்கு அனுப்புவோம். சூடிழந்த தண்ணீரை மற்றக் கிணற்றால் கீழேயே இறக்கிவிடுவோம்.

முப்பத்தோராம் நாள் வந்தது. சாம்பலைத் தண்ணீரில் கரைக்கவேண்டும். வேலையில் இரண்டு பேர் சுகமில்லாமல் நின்றுவிட்டார்கள். லீவு கேட்கவில்லை. இறக்கும் குழாயின் வடிகட்டியை மாற்றும்போது, அதற்கு அப்பால் ஒரு பிடி சாம்பலைப் போட்டு மூடினேன். பூமிக்கடியில் சூடாக இருக்கும், அவளுக்குக் குளிராது என்று நினைத்தேன்.

ஒன்பது நாள் கழித்து, பின்னேரம் 4.50. இருட்டிக்கொண்டு வந்தது. நான் தனியே நின்றேன்.

இறக்கும் குழாயின் வெப்பமானி 31 பாகை காட்டவேண்டும். 22 காட்டியது.

4.53. பதினான்கு.

குழாயைத் தொட்டேன். பனிக்கட்டி. உள்ளே...

டொக். டொக்.

பம்பை நிறுத்தினேன்.

டொக்.

சத்தம் குழாய் வழியே நகர்ந்தது. மெதுவாக... மற்றக் கிணற்றுப் பக்கம்.

5.02. நின்றது.

வால்வை மூடி, சுடுநீர் ஏறும் குழாயின் வடிகட்டியைத் திறந்தேன்.

சாம்பல். ஒரு பிடி.

ஈரமே இல்லை.

எச்சரிக்கை மணி கேட்டு யூலியன் ஓடிவந்தான். பக்கத்து ஊரான ஸ்தேனில் பிறந்த தமிழ்ப் பெடியன், எங்கள் பொறுப்பாளன்.

“தர்மராசா அண்ணை, பம்பை ஏன் நிப்பாட்டினீங்கள்? லா சப்பல் சனம் முழுக்க விறைக்கப்போகுது!”

“தம்பி, அந்தக் கிணத்துக்குள்ளை போனது இந்தக் கிணத்தாலை வருமோ?”

“அடியிலை ரெண்டுக்கும் இடையிலை ஒரு கிலோமீற்றருக்கு மேலை. அங்கை இறக்கின தண்ணி இஞ்சை வர முப்பது வருசமாவது செல்லும்.”

“அதுவரைக்கும்... அது சூடாய்த்தானே கிடக்கும்?”

“எங்கை? வருசக்கணக்காய்ச் சூடெடுத்த தண்ணியை எல்லோ இறக்கிறம். அந்த ஆழத்திலை ஆகக் குளிரான இடம் அதுதான், அண்ணை.”

வடிகட்டியில் கிடந்ததை உள்ளங்கையில் அள்ளினேன். சாம்பல் சிந்தாமல் பொத்திக்கொண்டேன்.

“யூலியன், எனக்குப் பதினைஞ்சு நாள் லீவு வேணும். மனிசியைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்.”