சிவப்புப் பக்கம்

எனக்கு எட்டு வயதில் எங்கள் வீட்டில் பூட்டி வைக்கும் அளவுக்கு மதிப்பானவை இரண்டே இருந்தன. ஒன்று அம்மாவின் நகைப் பெட்டி. அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது என்பது பீர்க்கன்கரணையில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். இன்னொன்று அப்பாவின் கேஜ். அலமாரிச் சாவி சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அப்பா தாம்பரம் பக்கத்தில் ஓர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வகுப்பு ஆசிரியர். மாணவர்கள் இரும்புத் தட்டில் போடும் துளையின் அளவு சரிதானா என்று பார்க்கும் கருவிதான் அந்தக் கேஜ். விரல் நீளத்துக்கு ஒரு எஃகுத் தண்டு, பளபளவென்று இரண்டு முனைகள். ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும். சிவப்புச் சாயம் வைத்த, முடியளவு தடித்த மறுமுனை நுழையக் கூடாது. இரண்டும் நடந்தால்தான் துளை சரி. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கேஜ் உள்ளே போனால் மாமா பாஸ், போகாவிட்டால் ஃபெயில்.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. எங்கள் வீட்டில் தங்கி அப்பாவிடமே படித்தார். சொந்தக்காரன் என்பதாலேயே அப்பா அவரிடம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கடுமை காட்டுவார். மாமா பாஸ் செய்தால் ஒரகடத்துத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் வேலை. பெருங்களத்தூரிலிருந்து கம்பெனி பஸ், இராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. ஃபெயிலானால் மஸ்கட்டில் பெரியப்பா மகன் விசாவோடு காத்திருந்தார். மாமா போகக் கூடாது என்பது என் ஒரே வேண்டுதல். காலையில் எனக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். இரண்டு பின்னலையும் ஸ்கேல் வைத்து அளந்து, அரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவார். அவர் கையால் பின்னிக்கொண்டு போகும்போது வகுப்பில் எனக்கு ஒரு தனி மிதப்பு.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "ஊர்ல இருக்கற புள்ளைங்களுக்கெல்லாம் பாக்கறீங்க. என் தம்பிக்கு மட்டும் பாத்தா குடி முழுகிடுமா?" அம்மா உப்புப் போடாமல் வைத்த சாப்பாட்டை அப்பா இரண்டு நாள் சாப்பிட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் மாலை, மாமாவின் பயிற்சித் தட்டுகளைப் பார்ப்பதற்காக, கேஜ் மரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தது.

மாடிப்படிக்கு அடியில் மாமா தினமும் துளை போட்டார். பழைய இரும்புக் கடையில் வாங்கிய கருவிகள் தேய்ந்திருந்ததால் துளை சிறியதாகவே விழுந்தது. அப்பா கேஜை வைத்து அழுத்துவார், நுழையாது. தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். "பேஜாரா கீது பாப்பா. இன்னிக்கும் பூரல" என்று என்னிடம் சொல்லும்போது மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

தட்டில் கோளாறு என்று பெரியவர்கள் நினைத்தார்கள். கேஜ்தான் குண்டாக இருக்கிறது என்று நான் முடிவு செய்தேன். மாமா கடைசி மெருகுக்கு வைத்திருந்த உப்புத்தாளில் ஒரு துண்டைக் கிழித்துப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டேன். பள்ளி விட்டு வந்ததும் அம்மா மாவு மில்லுக்கோ கடைக்கோ போகும் நேரம் பார்த்து அலமாரியைத் திறந்து தேய்ப்பேன். ஒரு முனையை மட்டும் தேய்த்தால் பாவம் என்று இரண்டு முனைகளையும் ஓரவஞ்சனை இல்லாமல் தேய்த்தேன். கடைசியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைப்பேன்.

பத்து நாளோ பன்னிரண்டு நாளோ கழித்து ஒரு சாயங்காலம் கேஜ் நுழைந்துவிட்டது. "பூந்துடுச்சு! அக்கா, பூந்துடுச்சு!" என்று கத்தி மாமா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். அம்மா கேசரி கிண்டினாள். அப்பாகூடச் சிரித்தார்.

தேர்வு நாளில் ஐ.டி.ஐ.யின் நல்ல கருவிகளில் எல்லாரும் துளை போட்டார்கள்; வெளியிலிருந்து வந்த அதிகாரி, அப்பா திருப்பிக் கொண்டுபோயிருந்த அதே கேஜை வைத்துத்தான் எல்லாருடைய தட்டையும் பார்த்தார். மாமாவுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் சிவப்பு முனையும் உள்ளே போய்விட்டது. துளை பெரிது, ஃபெயில். அன்று மாமா சாப்பிடவில்லை. மறுநாள் என் தலையைப் பின்னினார், அளக்கவில்லை.

பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் ஆன பிறகுதான், வருடாவருடம் சரிபார்க்க அனுப்பும் கருவிகளோடு போன அந்தக் கேஜ், தேய்ந்துவிட்டது, உதவாது என்ற தாளோடு திரும்பி வந்தது. அப்பா அன்றே மேலிடத்துக்கு எழுதினார். மூன்று பேருக்கும் மறுதேர்வு வைக்க வேண்டும், கருவியை வீட்டுக்கு எடுத்துப் போனது என் தவறு, வேறு யாருக்கும் இதில் சம்பந்தமில்லை என்று. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு அத்தோடு நின்றது. மற்ற இருவரும் மறுதேர்வு எழுதித் தேறினார்கள். மாமா மாட்டேன் என்றுவிட்டார். "இப்போ போய் எழுதினா, வாத்தியாரே லெட்டர் போட்டு மச்சானை பாஸ் பண்ண வச்சாருன்னு சொல்லுவாங்கக்கா. அவர் பேரு கெட்டதே போதும்."

அவர் விமானம் ஏறிய வாரம் என் பென்சில் டப்பாவிலிருந்த உப்புத்தாளைக் காணவில்லை. பள்ளியில் எவளோ எடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். என் பின்னல்கள் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் ஆயின. மாமா இன்றும் மஸ்கட்டில்தான் இருக்கிறார். பொங்கலுக்கு வீடியோவில் வருவார், தலை நரைத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைக்கிறேன். அவர் என் மகளின் பின்னலைக் காட்டச் சொல்லிச் சிரிப்பார். நான் மகளைக் கேமரா பக்கம் திருப்பி நிறுத்துவேன்.

மாமா போன பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். எதிரே மாமாவின் தேர்வுத் தட்டு, புதுக் கேஜ் ஒன்று, பழைய கேஜ். புதுக் கேஜின் ஒரு முனையைத் துளையில் வைத்தார், வழுக்கிக்கொண்டு போனது. சிவப்பு முனையை வைத்து அழுத்தினார், வாயிலேயே நின்றது.

"உங்க மாமா போட்டதும்மா. கரெக்டா இருக்கு பாரு."

பிறகு என் வலது கையை எடுத்து, விரல்களைப் பிரித்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவாரோ என்று பயந்தேன். பழைய கேஜை அந்தக் கையில் வைத்து மூடினார்.

"அப்ப மாமா பாஸ்தானேப்பா? எப்ப வருவாரு?"

அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் பழைய கேஜின் சிவப்பு முனையை மாமாவின் துளையில் வைத்தேன். தடையே இல்லாமல் உள்ளே போனது. எனக்கு ஒரே சந்தோஷம். மாமா வந்துவிடுவார் என்று, அதை எடுத்து எடுத்து நுழைத்துக்கொண்டே இருந்தேன்.