முன்னால் நின்ற வண்டி

விழுப்புரத்தில் சாலை விபத்துப் பதிவுகளைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அன்று அதிகாரி, "பின்னால வந்து மோதுன கேஸையெல்லாம் தனியா எடும்மா. எங்க, ஏன் நடக்குதுன்னு தெரிஞ்சாத்தானே தடுக்கலாம்" என்றார். எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் எல்லாவற்றிலும் ஒரே வரி: அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து. எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. எது மோதினாலும் இதே பாட்டா? பின்னால் வந்தவனைத் திட்டியாயிற்று; முன்னால் இருந்த வண்டி அங்கே என்னதான் பண்ணிக்கொண்டிருந்தது?

சாட்சிகள் சொன்னதை ஒவ்வொன்றாகப் படித்தேன். திண்டிவனத்திலிருந்து வரும் வழியில், பைபாஸ் மேம்பாலம் இறங்குகிற இடம் திரும்பத் திரும்ப வந்தது. நேரம் சாயங்காலம். முன்னால் நின்றது பேருந்து. ஆள் இறக்க நின்றது. பாலத்து மேட்டிலிருந்து வருகிறவனுக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும்.

என் கை மௌசிலேயே நின்றுவிட்டது. என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் வேர்க்கடலை வாங்கி விற்கிற ஒரு மல்லாட்டை மண்டியில் வேலை பார்க்கிறார். தினமும் அங்கேதான் இறங்குகிறார். பஸ் ஸ்டாண்டு வரை போய் நெரிசலில் சீரழிய வேண்டாம், பாலத்தடியில் இறங்குங்கள், ஸ்கூட்டியோடு நிற்கிறேன் என்று யோசனை சொன்ன மகராசி யார்? நானேதான்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். "எடுத்துத் தொலைங்களேன்!" என்று வாய்விட்டே கத்தினேன். நாலாவது தடவை எடுத்தார்.

"தூங்கிட்டேம்மா. விக்கிரவாண்டி தாண்டி வந்துக்கினு இருக்கேன்."

"பாலத்துக்கிட்ட இறங்காதீங்க! ஸ்டாண்டுக்கே போங்க!"

"இன்னாது? ஒண்ணும் கேக்கல..."

லைன் அறுந்தது. அப்புறம் போகவே இல்லை.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். நான் போய் நிற்கவும், பாலத்து மேட்டில் பேருந்து தலைகாட்டவும் சரியாக இருந்தது. நிற்காதே, போ போ என்று இரண்டு கையையும் ஆட்டினேன். பேருந்து வழக்கமான இடத்தில் பிரேக் போட்டது. பின்னால் ஒரு டேங்கர் லாரி, டயர் தேய்ந்து அலற வந்து, பேருந்துக்கு ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றது. ரப்பர் கருகிய நாற்றம். லாரிக்காரர் ஜன்னல் வழியே திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்காரர் சாப்பாட்டுப் பையோடு இறங்கினார். "இன்னா ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

எனக்கு அழுகை முட்டியது. அதற்குள் கண்டக்டர் படியில் தொங்கியபடி சிரித்தார்.

"இதுக்குப் போய் ஏன் மேடம் இப்படிக் கையாட்டுறீங்க? நீங்க நிக்கிறதப் பாத்தாலே டிரைவர் நிறுத்திடுவாரு. தினம் அப்படித்தானே நிறுத்துறோம்?"

விசில் கொடுத்தார், பேருந்து போய்விட்டது. அந்த இடத்தில் நிறுத்தம் என்று ஒரு பலகைகூடக் கிடையாது. நான் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தேன்.