ஈறு நிறச் சக்கரம்

என் வீட்டுக்காரர் போடியில் பல்செட் கட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். கடைத்தெருவைப் பார்த்துக் கடை, பின்னால் சந்துக்குள் வீடு. வருகிறவர்களின் வாய்க்கு அளவெடுப்பது அவர். அச்சு வீட்டுக்கு வந்த பிறகு மெழுகில் ஈறு வடிப்பது, பல்லை வரிசையாக ஊன்றுவது, வெந்து வந்த செட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது எல்லாம் நான். கல்யாணமான புதிதில் கைக்கு ஒத்தாசையாக ஆரம்பித்தது, போகப் போக என் வேலையாகவே ஆகிவிட்டது. கடைக்கு வந்தவர்கள் கண்ணாடியில் பல்லைக் காட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்க கையே கைதான்ணே" என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அதை அவரே வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொல்லுவார். எனக்கும் அப்போது அது குறையாகத் தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்த என் கொழுந்தன் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான். தோட்டம் கைமாறியிருந்தது. பழைய பங்களாவை ஒழித்தபோது பரணில் கிடந்ததாம். புது முதலாளி குப்பையில் போடச் சொன்னாராம். இவனுக்குப் போட மனசில்லை.

மூடியில் ஒரு கார் படம். கூரையில்லாத நீளமான சிவப்புக் கார், பின்பக்கம் இரண்டு மீன்வால் தூக்கி நின்றது. உள்ளே அதே காரை உள்ளங்கை நீளத்துக்குக் கட்டுவதற்கான பிளாஸ்டிக் துண்டுகள். ஏலச் சரத்தில் காய் தொங்குகிற மாதிரி, சின்னச் சின்னதாக ஸ்டியரிங், சீட்டு, விளக்கு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை வீட்டுக் குழந்தை எதுவோ ஆரம்பித்துவிட்டுப் பாதியில் போட்டிருக்க வேண்டும்.

"அண்ணே, ஒங்க கைக்குத்தான் இது சரியா வரும்" என்று சொல்லிக் கொழுந்தன் பெட்டியை அவர் மடியில் வைத்தான். நான் காபித் தம்ளரோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவன் என்னிடம் தம்ளரை மட்டும் வாங்கிக்கொண்டான்.

முதல் வலி அதுதான். அந்தத் துண்டுகளைப் பார்த்ததுமே என் விரல்கள் பரபரத்துவிட்டன. எதைத் தேய்க்கலாம், எதை நிரப்பலாம் என்று மனசு ஓட ஆரம்பித்திருந்தது. வாய் திறந்து கேட்கத்தான் வரவில்லை.

பெட்டியில் குறையில்லாத சாமான் குறைவு. பங்களாவின் புகைபோக்கிச் சூட்டில் கிடந்து காரின் உடம்பு வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. முன்கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு சக்கரத்தைக் காணவில்லை. ஒட்டியிருந்த இடங்களில் பழைய பசை கட்டி கட்டியாகக் காய்ந்திருந்தது. இதெல்லாம் போக, பிறவிக்குறை ஒன்று: வார்க்கும்போதே பிளாஸ்டிக் போய்ச் சேராமல் ஒரு கதவின் மூலை குழிந்து ஓட்டையாக இருந்தது. அந்தக் குழந்தை அதைப் பார்த்துத்தான் மனசு விட்டுப்போய்ப் பெட்டியை மூடியதோ என்னவோ.

என் வீட்டுக்காரருக்கு ஒரு சிநேகிதர். கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் பார்க்கிற ராவுத்தர். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவர் இவரை மாப்ளே என்பார், இவர் அவரை மச்சான் என்பார். அந்தக் கணக்கில் நான் அவருக்குத் தங்கச்சி. பெட்டி வந்த மறுநாளே அவர் வீட்டுக்கு வந்தார். அதிலிருந்து தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்துகிற நேரத்தில் இரண்டு பேரும் எங்கள் முன்னறையில் பாயை விரித்துக் காரோடு உட்கார்ந்துவிடுவார்கள். நான் பின்னறையில் பல் ஊன்றிக்கொண்டிருப்பேன். நடுவில் ஒரு பழைய சேலைத் திரைதான்.

அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். என் வீட்டுக்காரர் அப்படிச் சிரிக்கக் கூடியவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "ஏ மச்சான், ஸ்டியரிங்க தலகீழா ஒட்டிப்புட்டியே!" "நீ கொண்டா மாப்ளே, காயறதுக்குள்ள எடுத்துறலாம்!" பிறகு மறுபடியும் சிரிப்பு. நான் காபி கொண்டு போனால் அடங்கிவிடும். தம்ளரை வாங்குவார்கள், நான் திரும்பியதும் ஆரம்பிக்கும். என்னைப் பார்த்ததும் எது அடங்கியதென்று யோசித்து யோசித்து, ஊன்றிக்கொண்டிருந்த பல் வரிசையைக் கோணலாக்கிவிட்டு மறுபடி மெழுகை உருக்கியிருக்கிறேன்.

ஒருநாள் சாப்பிடும்போது அவர் சொன்னார்:

"அவன் கை என்னா நெதானந் தெரியுமா? ஊசி மொனைல பசையத் தொட்டு வைக்கான். நடுக்கமே இல்ல."

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தேவாரம், சிலமலை என்று சுற்று ஊர்களிலிருந்து வந்த வாய்களுக்கெல்லாம் பல் ஊன்றிய கை அந்தக் கரண்டியைப் பிடித்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை. "அப்பிடியா" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனேன். வயிறு எரிந்தது. ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

அந்த நிதானக் கைதான் காரைக் கெடுத்தது. வளைவை நிமிர்த்தக் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார்கள். வளைவு நிமிராமல் மீன்வால் இரண்டும் துவண்டு தொங்கின. பசை போதவில்லையென்று எங்கள் பல்செட் மருந்துத் தண்ணியை எடுத்துத் தடவினார்கள். தூளோடு கலந்து ஈறு வார்ப்பதற்காக வைத்திருப்பது அது, மூக்கைத் துளைக்கிற நெடி. அந்தக் கார் பிளாஸ்டிக்கை அது கரைக்கும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பானெட் இளகி, வாட்ச்காரர் பெருவிரல் ரேகை அதில் அப்படியே பதிந்துவிட்டது.

அன்றைக்குச் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தேன். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"அவ்வளவுதான் மாப்ளே. நம்ம சோலி முடிஞ்சுது" என்று ராவுத்தர் எழுந்து போனார். என் வீட்டுக்காரர் பெட்டியை மூடி பீரோ மேல் தூக்கிப் போட்டார். அப்புறம் மத்தியானங்களில் அவர் பாயில் படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் பெட்டியைக் கீழே இறக்கினேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. வாட்ச்காரரால் முடியாததை நான் முடித்துக் காட்ட வேண்டும் என்றிருந்தது.

"நான் பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அதுல இனி என்ன இருக்கு, ஒடஞ்சு போனது" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும் எனக்கு.

பிளாஸ்டிக்குக்கு எவ்வளவு சூடு தாங்கும் என்பது மெழுகோடு பழகிய கைக்குப் பிடிபட நேரமாகவில்லை. கை பொறுக்கிற சூட்டுக்குச் சற்று மேலே தண்ணீரை வைத்து, காரின் உடம்பை ஒரு பலகையோடு சேர்த்துத் துணிக்கிழிசலால் கட்டி முக்கினேன். எடுத்து ஆறவிட்டேன். மறுநாள் இன்னும் கொஞ்சம். மெதுமெதுவாக முதுகு நிமிர்ந்தது, வால்கள் எழுந்தன. சரத்துத் தண்டில் மிஞ்சிய துண்டுகளைப் பொடித்து, அவர்கள் பானெட்டைக் கெடுத்த அதே மருந்துத் தண்ணியில் கூழாகக் கரைத்தேன். அதைக் கதவின் ஓட்டையில் வைத்து, இறுகியதும் தேய்த்தேன். புதுச் சட்டை வந்த பெட்டியின் கண்ணாடித்தாளை வெந்நீர்த் தம்ளரில் சுற்றி வளைத்து முன்கண்ணாடி வெட்டினேன்.

பானெட்டில் இருந்த ரேகையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. ஒவ்வொரு கோடாக அது அழிந்ததை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.

சக்கரத்துக்கு ஈறு வார்க்கிற வழியேதான். இருக்கிற சக்கரம் ஒன்றைப் பிளாஸ்டர் மாவில் அழுத்தி அச்செடுத்து, தூளும் தண்ணியும் கலந்து அடைத்து, பல்செட்டை வேகவைக்கிற பித்தளைக் கிண்ணத்தில் வேகவைத்தேன். அச்சசலாக வந்தது. நிறம் மட்டும் ஈறு நிறம், நல்ல ரோஸ். ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய நீல எனாமலை டர்பன்டைன் விட்டு இளக்கித் துணியில் வடிகட்டி உடம்புக்குப் பூசினேன். டயர்களுக்குக் கறுப்பு. அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஒன்றும் பூசாமல் விட்டேன். இந்தக் காரை யாரும் வேறு யாருடையது என்றும் சொல்லிவிடக் கூடாது.

முடித்து முன்னறை அலமாரியில் வைத்தேன். சாப்பிட வந்தவர் பார்த்தார். கையில் எடுத்துத் திருப்பினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். "அடேயப்பா" என்றார். அவ்வளவுதான். உடனே தோளில் கிடந்த துண்டில் காரைப் பொதிந்துகொண்டு செருப்பை மாட்டினார்.

"சோறு ஆறுதே, எங்க போறீக?"

"மச்சான்ட்ட காட்டிட்டு வெரசா வந்துர்றேன்."

பரிமாறிய சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். நான் செய்ததைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடுகிறார், அதே ஆளிடம். திரும்பி வந்தவரிடம் கேட்டேவிட்டேன்.

"இத்தன வருசமா ஒங்க பக்கத்துல உக்காந்து சோலி பாக்குறேன். என்கூட ஒருநா அப்பிடிச் சிரிச்சிருக்கீகளா?"

அவருக்குப் புரியவே இல்லை. "எப்பிடி?"

"அந்த அண்ணன்கூடச் சிரிச்ச மாதிரி."

துண்டை உதறிக் கொடியில் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒன்னயப் பாத்தாலே எந்தச் செட்டு முடிஞ்சுது, எது முடியலன்னுதான் நெனப்பு ஓடுது. அவனப் பாத்தா சோலி நெனப்பே வரல. நான் என்ன செய்ய?"

கோபமாக எதையாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இதற்கு எப்படிச் சண்டை போடுவது? தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன்.

காரைக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல்செட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். வருகிறவர்கள் குனிந்து பார்த்தார்கள். "ஏண்ணே, இந்த ஒத்தச் சக்கரம் மட்டும் ஈறு கலர்ல இருக்கு?" என்று கேட்பார்கள். "அதுவா, வீட்டுல செஞ்சது" என்பார் இவர். என்னைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். கேட்டவர்களோ வீட்டில் வைத்து அவரே கையால் செய்தது போல என்று நினைத்துக்கொண்டு, "ஒங்க கையே கைதான்" என்று அவரையே புகழ்ந்துவிட்டுப் போனார்கள். சந்து வழியாக எனக்கு எல்லாம் கேட்கும்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். வெள்ளைத் துப்பட்டியை முகத்திலிருந்து விலக்கினாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். வாட்ச்காரரின் மனைவி. அதுவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

"உள்ள வாங்க மதினி" என்றேன்.

வந்தாள். உட்காரவில்லை. முன்னறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பாயை, திரையை, கடைசியில் என்னை. என் சேலை முழுக்கப் பிளாஸ்டர் மாவு. முடியில்கூட இருந்திருக்கும்.

"ஏம்மா, நேராவே கேக்குறேன், கோவிச்சுக்கிறாத" என்றாள். "எங்க வீட்டுக்காரரு மாசக்கணக்கா மத்தியானச் சோத்தக்கூட ஒழுங்காத் திங்காம இங்கனயே வந்து கெடந்தாரு. காரு கட்டுறோம், காரு கட்டுறோம்னாரு. காரக் கட்ட எதுக்கு ஒரு வீட்டுக்குள்ள போகணும்? அப்பிடி என்னதான் இருக்கு இந்த வீட்டுலன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சூடாகிவிட்டது. நான் திரைக்கு இந்தப் பக்கம் அவள் புருஷனை நினைத்து எரிந்துகொண்டிருந்த அதே மத்தியானங்களில், இரண்டு தெரு தள்ளி இவள் என்னை நினைத்து எரிந்துகொண்டிருந்திருக்கிறாள்.

அவளைச் சந்து வழியாகக் கடைக்குக் கூட்டிப்போனேன். என் வீட்டுக்காரர் அளவெடுக்க வெளியூர் போயிருந்தார். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்புட்டுத்தானா?" என்றாள்.

"இம்புட்டுத்தான்."

"இதுக்கா நான் ராவும் பகலும் அழுதேன்?"

முதலில் அவள் சிரித்தாள், பிறகு நான். கடை வாசலில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். பிறகு வீட்டுக்கு வந்து காபி குடித்தாள். அவள் புருஷன் கொதிதண்ணி ஊற்றிய கதையைச் சொன்னபோது, "வீட்டுலயும் அப்பிடித்தான், எதத் தொட்டாலும் அவசரம்" என்றாள். நிதானக் கை என்று கேட்டு எரிந்த எனக்கு அது கற்கண்டாக இனித்தது.

அவள் போன பிறகும் எனக்குப் பொறாமை விடவில்லை, ஆள்தான் மாறியது. இப்போது அவளைப் பார்த்து. மனசில் ஒரு சந்தேகம் வந்ததும் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி வந்து முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாளே. நான் இத்தனை காலம் சந்து வழியாகக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரமே என் மேஜையைக் கடைக்குத் தூக்கிப் போடச் சொன்னேன். "கடைல பொம்பள உக்காந்தா நாலு பேரு என்ன சொல்லுவாக" என்று அவர் இழுத்தார். "பல்லுக் கட்டுற பொம்பளன்னு சொல்லுவாக" என்றேன். மேஜையின் ஒரு பக்கத்தை அவரே பிடித்தார்.

உட்கார்ந்த சில நாட்களில் சிலமலையிலிருந்து ஒரு பெண் புருஷனோடு வந்தாள். என் வீட்டுக்காரர் வாயில் வைத்து அளவெடுக்கும் கிண்ணத்தோடு பக்கத்தில் போனதும் முந்தானையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். புருஷன் அதட்டியும் எடுக்கவில்லை. கண் மட்டும் என் மேஜைப் பக்கம் வந்தது.

"அந்த அக்காளே பாக்கட்டும்" என்றாள் பொத்திய வாய்க்குள்ளிருந்து.

என் வீட்டுக்காரர் கிண்ணத்தோடு அப்படியே நின்றார். எங்கே நிற்பதென்று தெரியாமல் இரண்டு தடவை அங்கும் இங்கும் நகர்ந்தார். பிறகு கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவள் புருஷனைக் கூட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார். நான் கையைக் கழுவிவிட்டு வந்து, அவள் முந்தானையை மெல்ல விலக்கினேன்.